9.98-ஆ, 9.980-ஆ? முக்கிய எண்ணுருக்களின் கணக்கு

2020 நீட் தேர்வின் இயற்பியல் பகுதியில் ஒரு கேள்வி வந்தது. முக்கிய எண்ணுருக்களை (ஓர் அளவீட்டில் எழுதத் தகுதியுள்ள இலக்கங்களை) கருத்தில் கொண்டால், 9.99 மீ – 0.0099 மீ எவ்வளவு? கால்குலேட்டர் 9.9801 என்று காட்டும். சரியான விடை 9.98 மீ. 9.9801, 9.980, 9.9 மூன்றும் தெரிவுகளில் இருந்தன, மூன்றும் தவறு. அவற்றில் 9.980 ஏன் தவறு என்பதுதான் பலருக்கும் புரியாமல் போகிறது. 9.98-ம் 9.980-ம் ஒரே எண்தானே?

கணிதத்தில் ஒரே எண்தான். அளவீட்டில் இரண்டும் வெவ்வேறு செய்திகள். 9.98 மீ என்று எழுதினால் சென்டிமீட்டர் இலக்கத்தில் சந்தேகம் தொடங்குகிறது என்று பொருள். 9.980 என்றால் மில்லிமீட்டர் வரை அளந்திருக்கிறேன் என்று பொருள். அளக்காத மில்லிமீட்டரை அளந்ததாகச் சொல்வது பொய்க்கணக்கு.

## கடைசி இலக்கம் எங்கிருந்து வருகிறது

ஒரு கருவியால் அளக்கக்கூடிய மிகச்சிறிய அளவு அதன் மீச்சிற்றளவு. பள்ளி ஆய்வகத்து மீட்டர் அளவுகோலுக்கு அது 1 மி.மீ. வெர்னியர் அளவிக்கு 0.01 செ.மீ. திருகு அளவிக்கு 0.01 மி.மீ. ஒரே தண்டின் விட்டத்தை மூன்றாலும் அளந்தால் 1.3 செ.மீ, 1.26 செ.மீ, 1.261 செ.மீ என்று கிடைக்கலாம். தண்டு மாறவில்லை, நமக்குத் தெரிந்தது கூடியிருக்கிறது. முதல் அளவில் 2 முக்கிய எண்ணுருக்கள், இரண்டாவதில் 3, மூன்றாவதில் 4.

ஆக வரையறை இது: ஓர் அளவீட்டில் உறுதியாகத் தெரிந்த இலக்கங்கள் அனைத்தும், அவற்றை அடுத்து வரும் சந்தேகத்துக்குரிய முதல் இலக்கம் ஒன்றும் சேர்ந்ததே முக்கிய எண்ணுருக்கள். அதற்கு அப்பால் உள்ளவை எழுதத் தகுதியில்லாதவை.

செய்முறைப் பதிவேடுகளில் அதிகம் நடக்கும் தவறு இதற்கு நேர் எதிரானது, அதாவது இலக்கத்தைக் குறைத்து எழுதுவது. வெர்னியரில் நீளம் சரியாக 4 செ.மீ கோட்டில் வந்து நின்றால் மாணவர் "4 செ.மீ" என்று எழுதிவிடுகிறார். அந்த 4 என்பது 3.5-க்கும் 4.5-க்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம். எழுத வேண்டியது 4.00. அது 3.995-க்கும் 4.005-க்கும் இடைப்பட்டது என்று சொல்கிறது. இரண்டு பூஜ்ஜியங்களுக்காகத்தான் அந்தக் கருவியையே கையில் எடுத்தோம்.

50 மி.லி பியூரெட்டிலும் (திரவத்தை அளந்து விடும் கோடிட்ட கண்ணாடிக் குழாய்) இதே கதை. கோடுகள் 0.1 மி.லி இடைவெளியில் இருக்கும். பிறைத்தளத்தின் (குழாயில் திரவத்தின் வளைந்த மேற்பரப்பு) அடிப்பகுதி இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றால் அந்த இடைவெளியைக் கண்ணால் பிரித்து இரண்டாம் தசம இடத்தையும் எழுத வேண்டும்: 24.35 மி.லி. அந்த 5 மதிப்பிட்ட இலக்கம், ஆனாலும் முக்கியமானது. தொடக்க அளவு கோட்டிலேயே இருந்தால் 0 என்று எழுதாமல் 0.00 என்று எழுத வேண்டும். பள்ளிகளில் பெரும்பாலும் 0.1 மி.லி-யோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது தவறில்லை, ஆனால் ஓர் அட்டவணைக்குள் 24.3, 24.35, 24 என்று கலந்து எழுதுவது தவறு.

டிஜிட்டல் கருவியில் தொல்லை வேறு மாதிரி. திரை காட்டும் இலக்கங்கள் எல்லாம் உண்மை என்று நம்பிவிடுகிறோம். ஸ்டாப்வாட்ச் 0.01 நொடி வரை காட்டும். பொத்தானை அழுத்தும் மனிதரின் எதிர்வினைக்கு ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். தனி ஊசலின் 20 அலைவுகளுக்கு 40.17 நொடி என்று திரை காட்டினால், நாம் நம்பக்கூடியது 40.2 வரைதான். அலைவு நேரம் 40.2 ÷ 20 = 2.01 நொடி. ஒரே ஓர் அலைவை அளந்திருந்தால் 0.2 நொடி சந்தேகம் முழுதும் அந்த 2 நொடியின் மேலேயே விழுந்திருக்கும். இருபதாக அளந்ததால் அது இருபதாகப் பிரிந்து 0.01 ஆனது. ஊசலை இருபது முறை ஆட விடச் சொல்வதன் காரணம் இதுதான்.

## எண்ணும் விதிகள்

1. பூஜ்ஜியம் அல்லாத இலக்கங்கள் எல்லாம் முக்கியமானவை. 342-ல் மூன்று.
2. அவற்றுக்கு நடுவே சிக்கிய பூஜ்ஜியங்களும் முக்கியமானவை. 2008-ல் நான்கு.
3. முன்னால் வரும் பூஜ்ஜியங்கள் முக்கியமானவை அல்ல. 0.00345-ல் மூன்றுதான். அந்தப் பூஜ்ஜியங்கள் தசமப் புள்ளியின் இடத்தைக் காட்டவே வந்தவை.
4. தசமப் புள்ளி உள்ள எண்ணின் இறுதியில் வரும் பூஜ்ஜியங்கள் முக்கியமானவை. 40.00-ல் நான்கு, 0.030400-ல் ஐந்து.
5. தசமப் புள்ளி இல்லாத எண்ணின் இறுதிப் பூஜ்ஜியங்கள் வழக்கப்படி சேர்வதில்லை. 30700-ல் மூன்று.

முதல் நான்கைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. ஒரு சோதனையும் கையில் இருக்கிறது. அலகை மாற்றிப் பாருங்கள், அலகு மாறினால் எண்ணிக்கை மாறக்கூடாது. 4.50 மீட்டரை 0.00450 கி.மீ என்று எழுதினாலும் மூன்றுதான். ஆனால் அதையே 450 செ.மீ என்று எழுதினால் ஐந்தாம் விதி குறுக்கே வந்து இரண்டாக்கிவிடுகிறது. அளவீடு மாறவில்லை, எழுதும் முறை நம்மைக் கைவிட்டுவிட்டது.

சில பாடநூல்கள் இதைச் சமாளிக்க, அலகோடு வந்த எண்ணில் (30700 மீ போல) எல்லாப் பூஜ்ஜியங்களையும் சேர்த்து ஐந்து என்று எண்ணச் சொல்கின்றன. தேர்வு எழுதுபவர் தன் பாடநூல் சொல்வதைப் பின்பற்றுவதே பாதுகாப்பு. ஆய்வகத்தில் வேலை செய்பவருக்கு இந்த விவாதமே தேவையில்லை. அறிவியல் குறியீட்டில் எழுதிவிட்டால் போதும்: 3.07 × 10⁴ என்றால் மூன்று, 3.0700 × 10⁴ என்றால் ஐந்து. பத்தின் அடுக்கு கணக்கில் சேராது.

## எவரெஸ்ட்டின் இரண்டு அடி

இறுதிப் பூஜ்ஜியம் எவ்வளவு சங்கடம் தரும் என்பதற்கு அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு (முக்கோணக் கணக்குக்கு அடிப்படையான முதல் நேர்கோடு) அளந்து தொடங்கிய பெரும் முக்கோண நில அளவைப் பணி, 1856-ல் எவரெஸ்ட்டின் உயரத்தை 29,002 அடி என்று அறிவித்தது. கணக்கில் வந்தது சரியாக 29,000 அடிதான் என்றும், அப்படிச் சொன்னால் தோராயமாகச் சொன்னதாக உலகம் நினைக்கும் என்பதால் தலைமை அளவையாளர் ஆண்ட்ரூ வாஹ் இரண்டு அடியைச் சேர்த்துவிட்டார் என்றும் கதை போகிறது.

கதை சுவையானது. ஆனால் பதிவான அளவுகள் அதை ஆதரிக்கவில்லை. ஆறு நிலையங்களிலிருந்து கிடைத்த உயரங்கள் ஏறத்தாழ 28,990 அடியிலிருந்து 29,026 அடி வரை பரவியிருந்தன. அவற்றின் சராசரியே 29,002 அடி. இரண்டு அடியை யாரும் ஒட்டவைக்க வேண்டியிருக்கவில்லை.

முக்கிய எண்ணுருக்களின் கண்ணால் பார்த்தால் வேறு ஒரு கேள்வி எழுகிறது. ஆறு அளவுகளுக்குள் 36 அடி இடைவெளி. சராசரி எடுப்பதால் சிதறல் குறையும், இருந்தாலும் சில அடிகள் சந்தேகம் மிஞ்சும். அப்படியானால் 29,002-ன் கடைசி 2 பாதி நம்பிக்கைக்குரியது. சராசரி 29,000 என்றே வந்திருந்தாலும் அதில் முதல் நான்கு இலக்கங்களை மட்டுமே உறுதியாக வைத்துக்கொண்டு 2.900 × 10⁴ அடி என்று எழுதியிருக்கலாம், பூஜ்ஜியத்துக்காக வெட்கப்பட ஒன்றுமில்லை.

2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8848.86 மீட்டர், அதாவது ஏறத்தாழ 29,032 அடி. பழைய அளவு சுமார் 30 அடி குறைவு. ஆறு அளவுகளின் சிதறலிலிருந்து எதிர்பார்க்கக்கூடியதைவிட இது பெரியது. தொலைவிலிருந்து பார்க்கும்போது காற்றில் ஒளி வளைவது போன்ற காரணங்கள் எல்லா அளவுகளையும் ஒரே பக்கமாகத் தள்ளக்கூடியவை. இத்தகைய முறையான பிழையை எத்தனை இலக்கம் எழுதினாலும் அந்த எண் காட்டிக்கொடுக்காது. கருவி தவறாகச் சரிசெய்யப்பட்டிருந்தால் ஐந்து முக்கிய எண்ணுருக்களோடு தவறான விடை கிடைக்கும், அவ்வளவுதான்.

## கூட்டல் கழித்தலுக்கு ஒன்று, பெருக்கல் வகுத்தலுக்கு ஒன்று

இரண்டு விதிகளையும் ஒன்றாகக் குழப்புவதே தேர்வுகளில் மதிப்பெண் போகும் இடம்.

1. கூட்டல், கழித்தல்: இலக்கங்களை எண்ண வேண்டாம், தசம இடத்தைப் பாருங்கள். எந்த எண்ணின் சந்தேகம் மிகவும் இடப்பக்கமாகத் தொடங்குகிறதோ அந்த இடத்தோடு விடையும் நிற்கும்.
2. பெருக்கல், வகுத்தல்: தசம இடத்தைப் பார்க்க வேண்டாம், முக்கிய எண்ணுருக்களை எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்த எண்ணின் அளவுக்கே விடையிலும் இருக்கலாம்.

நீட் கேள்விக்குத் திரும்பலாம். 9.99-ல் சந்தேகம் நூறில் ஒன்று இடத்தில். 0.0099-ல் பத்தாயிரத்தில் ஒன்று இடத்தில். முன்னது இடப்பக்கம் இருப்பதால் விடை 9.98. 0.0099-ல் இரண்டு முக்கிய எண்ணுருக்கள்தான் என்று பார்த்துப் பெருக்கல் விதியைக் கழித்தலில் போட்டவர் 9.9 பக்கம் சாய்ந்திருப்பார்.

கழித்தலில் இன்னொரு பள்ளம் இருக்கிறது, வேதியியல் ஆய்வகத்தில் அது விலை உயர்ந்தது. 0.0001 கிராம் வரை காட்டும் தராசில் வெற்று மூசை (சூடாக்கப் பயன்படும் சிறு கிண்ணம்) 25.4731 கி, வீழ்படிவோடு (கரைசலிலிருந்து பிரிந்து படியும் திண்மம்) 25.4968 கி. இரண்டிலும் ஆறு முக்கிய எண்ணுருக்கள். வித்தியாசம் 0.0237 கி, இதில் மூன்று. ஒவ்வோர் எடையிலும் 0.0001 சந்தேகம் என்றால் வித்தியாசத்தில் 0.0002 வரை போகலாம், அதாவது 0.8 சதவீதத்துக்கு மேல். அருகருகே இருக்கும் இரண்டு பெரிய எண்களைக் கழித்தால் தரம் இப்படித்தான் கரையும். தீர்வு கணக்கில் இல்லை, மாதிரியில் இருக்கிறது: வீழ்படிவு 0.2 கிராமுக்குக் குறையாதபடி அதிகம் எடுத்துக்கொண்டால் அதே தராசில் பிழை 0.1 சதவீதமாக இறங்கும்.

கூட்டலில் எண்ணிக்கை ஏறவும் செய்யும். 25.0 °C-ஐக் கெல்வினாக்க 273.15-ஐக் கூட்டினால் 298.15, முதல் தசம இடத்தோடு நிறுத்தினால் 298.2 K. மூன்று இலக்கம் நான்கானதில் தவறில்லை, சந்தேகத்தின் இடம் மாறவில்லை.

## முழுமைப்படுத்தும் இடம்

மிகையான இலக்கங்களை நீக்கி எண்ணைச் சுருக்குவதே முழுமைப்படுத்தல். நீக்கும் பகுதி பாதிக்குக் கீழ் என்றால் விட்டுவிடலாம், பாதிக்கு மேல் என்றால் முந்தைய இலக்கத்தில் ஒன்றைக் கூட்ட வேண்டும். சரியாகப் பாதி என்றால் பாடநூல் விதி இது: முந்தைய இலக்கம் ஒற்றைப்படையானால் கூட்டு, இரட்டைப்படையானால் அப்படியே விடு. 2.35 → 2.4, 2.45 → 2.4. ஆனால் 2.451 என்பது பாதிக்கு மேல், ஆகவே 2.5. மேலே 298.15 என்பது 298.2 ஆனதும் இப்படித்தான். பாதியை எப்போதும் மேலே ஏற்றினால் நிறைய எண்களைக் கூட்டும்போது விடை மேல்பக்கம் சாயும், இந்த விதி அதைத் தடுக்கிறது.

மென்பொருள்கள் இதில் ஒன்றுபடவில்லை. எக்செல்லின் ரவுண்ட் சார்பு 2.5-ஐ 3 ஆக்கும். பைத்தான் நிரல்மொழியின் ரவுண்ட் 2 ஆக்கும். இரண்டு அட்டவணைகள் கடைசி இலக்கத்தில் ஒத்துப்போகாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

ஒருபக்கச் சாய்வு என்ன செய்யும் என்பதற்கு வான்கூவர் பங்குச் சந்தை சாட்சி. 1982 தொடக்கத்தில் 1000 புள்ளிகளில் தொடங்கிய அதன் குறியீட்டு எண், ஒவ்வொரு வர்த்தகத்துக்குப் பிறகும் திரும்பக் கணக்கிடப்பட்டு மூன்று தசம இடங்களோடு வெட்டப்பட்டது. முழுமைப்படுத்தாமல் வெறுமனே வெட்டியதால் ஒவ்வொரு முறையும் இழப்பு ஒரே திசையில் சேர்ந்தது. 22 மாதங்களில் அது 524 அளவுக்குச் சரிந்திருந்தது. பிழையைத் திருத்தியபோது உண்மையான மதிப்பு ஏறத்தாழ 1098.

முழுமைப்படுத்துவதற்கு உரிய இடம் ஒன்றே ஒன்றுதான்: கணக்கின் கடைசி வரி. காட்சிக்காகச் செய்த முழுமைப்படுத்தலைத் தீர்மானத்துக்குப் பயன்படுத்தினாலும் வம்புதான். 1992 ஏப்ரலில் ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத் தேர்தலில், சட்டமன்றத்துக்குள் நுழையக் குறைந்தது 5 சதவீத வாக்கு வேண்டும். பசுமைக் கட்சி பெற்றது 4.97. முடிவை அச்சிட்ட நிரல் ஒரே ஒரு தசம இடத்தோடு 5.0 என்று காட்ட, கட்சி உள்ளே வந்துவிட்டதாக முதலில் அறிவிப்பாயிற்று. பிறகு திருத்தினார்கள்.

## ஒரு பித்தளை உருளையில் விதி திணறுகிறது

முக்கிய எண்ணுரு விதிகள் உண்மையில் பிழைக் கணக்கின் சுருக்க வடிவம். சுருக்கம் எங்கே உடைகிறது என்பதை ஒரு சாதாரணச் செய்முறையே காட்டிவிடும்.

உருளையின் நிறை 45.73 கி, வெர்னியரில் விட்டம் 1.26 செ.மீ, நீளம் 4.32 செ.மீ.

1. பருமன் = π × 1.26² × 4.32 ÷ 4 = 5.3866 செ.மீ³ (நடுவில் கூடுதல் இலக்கங்களை வைத்துக்கொள்கிறோம்).
2. அடர்த்தி = 45.73 ÷ 5.3866 = 8.4896.
3. குறைந்த எண்ணிக்கை மூன்று. எனவே 8.49 கி/செ.மீ³.

நடுவிலேயே 1.26²-ஐ 1.6 என்று முழுமைப்படுத்தியிருந்தால் விடை 8.42-க்கு இறங்கியிருக்கும். கை செய்த பிழை, கருவி செய்யாதது. நடுவில் குறைந்தது ஓரிரு இலக்கங்கள் கூடுதலாக வைத்திருங்கள். கால்குலேட்டரில் விடையைத் திரும்பத் தட்டாமல் நினைவகத்தில் வைத்தால் இன்னும் நல்லது.

இப்போது பிழையைப் பார்ப்போம். விட்டத்தில் 0.01 என்பது 0.8 சதவீதம். அது வர்க்கமாக வருவதால் இரட்டிப்பாகி 1.6. நீளத்தில் 0.2. நிறையில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மொத்தம் சுமார் 1.8 சதவீதம், அதாவது 8.49-ல் 0.16. விதி 8.49 என்று மூன்றாம் இலக்கத்தையும் தந்தது, ஆனால் சந்தேகம் இரண்டாம் இலக்கத்திலேயே தொடங்கிவிட்டது. நேர்மையாக எழுதினால் 8.5 ± 0.2.

விட்டத்தை மட்டும் திருகு அளவிக்கு மாற்றினால் 12.61 ± 0.01 மி.மீ. அதன் பங்கு 1.6-லிருந்து 0.16 சதவீதத்துக்கு விழுகிறது. விடை 8.48 ± 0.03. ஆகவே துல்லியமான கருவியை எங்கே செலவழிப்பது என்றால், சூத்திரத்தில் அடுக்கு ஏறியிருக்கும் அளவிலும், எண்ணிக்கையில் சிறியதாக இருக்கும் அளவிலும். நான்கு இலக்கத் தராசை ஐந்து இலக்கத் தராசாக்கினால் இங்கே பைசா பிரயோஜனமில்லை.

விதி இப்படித் திணறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1.02-க்கும் 9.98-க்கும் மூன்று முக்கிய எண்ணுருக்கள்தான். முதலாவதில் 0.01 என்பது ஒரு சதவீதம், இரண்டாவதில் 0.1 சதவீதம். பத்து மடங்கு வித்தியாசத்தை விதி ஒன்றாகவே பாவிக்கிறது.

## விதிக்கு வெளியே நிற்பவை

எண்ணிப் பெற்றவையும் வரையறுத்தவையும் துல்லியமானவை, அவற்றுக்கு முடிவில்லாத முக்கிய எண்ணுருக்கள். 20 அலைவுகளில் 20, விட்டம் = 2 × ஆரம் என்பதில் 2, ஓர் அங்குலம் 2.54 செ.மீ என்பதில் 2.54 எல்லாம் இந்த வகை. ஒளியின் வேகம் நொடிக்கு 299792458 மீட்டர் என்று 1983-லிருந்தும், பிளாங்க் மாறிலி 6.62607015 × 10⁻³⁴ ஜூல்-நொடி என்று 2019 மே 20 முதலும் வரையறையாகவே நிலைநிறுத்தப்பட்டிருக்கின்றன. பக்கத்திலேயே ஈர்ப்பு மாறிலியை வைத்துப் பாருங்கள்: 6.67430(15) × 10⁻¹¹. அடைப்புக்குள் உள்ள 15 கடைசி இரண்டு இலக்கங்களின் நிச்சயமின்மை, அதாவது ± 0.00015. கேவண்டிஷ் 1798-ல் வெளியிட்ட பரிசோதனையிலிருந்து இத்தனை காலத்தில் இவ்வளவுதான் பிடிபட்டிருக்கிறது. இலக்கங்களை எண்ணச் சொல்லாமல் சந்தேகத்தை நேராகவே எழுதும் இந்த அடைப்புக்குறி முறைதான் ஆய்வுக் கட்டுரைகளின் வழக்கம்.

மடக்கையில் (log) எண்ணும் முறை மாறும். ஹைட்ரஜன் அயனிச் செறிவு 1.8 × 10⁻⁵ என்றால் பிஎச் (அந்தச் செறிவின் மடக்கையை எதிர்க்குறியாக்கிய எண்) 4.74. மூன்று இலக்கம் தெரிந்தாலும் முக்கியமானவை புள்ளிக்குப் பின்னுள்ள இரண்டே. முன்னால் நிற்கும் 4 பத்தின் அடுக்கை மட்டும் சொல்கிறது. பிஎச் 4.7 என்று மட்டும் தெரிந்தால் செறிவை 2 × 10⁻⁵ என்பதற்கு மேல் எழுத முடியாது.

அலகு மாற்றத்தில் போலித் துல்லியம் எளிதில் நுழையும். உடல் வெப்பநிலைக்கு 98.6 °F என்ற எண்ணைப் பாருங்கள். கார்ல் வுண்டர்லிச் 1868-ல் முன்வைத்த 37 °C-ஐ மாற்றியதில் வந்தது அது. 37 என்பதை அருகிலுள்ள டிகிரிக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டால் அது 97.7 முதல் 99.5 °F வரை எதையும் குறிக்கும். 99 பார்த்துக் கவலைப்படும் வீடுகளில் பாதிக் கவலை அந்தப் புள்ளி ஆறால் வருவது.

## அட்டவணையில் எழுதும்போது

விரிதாள்கள் 24.50-ஐ உள்ளிட்டவுடன் 24.5 என்று சுருக்கிவிடும். எடுத்த அளவின் கடைசிப் பூஜ்ஜியம் அதோடு மறைகிறது. செய்ய வேண்டியவை:

1. அளவை உள்ளிடும் முன்பே அந்தப் பத்திக்குத் தசம இடங்களை நிலையாக அமைத்துவிடுங்கள். பியூரெட்டுக்கு இரண்டு, 0.0001 கிராம் தராசுக்கு நான்கு.
2. தசம இடம் அமைப்பது காட்சியை மட்டும் மாற்றும், உள்ளே இருக்கும் எண்ணை மாற்றாது. கணக்குகள் முழு எண்ணிலேயே நடக்கும், இது நல்லதே.
3. காற்புள்ளிக் கோப்பாக (CSV) சேமித்து வேறு நிரலில் திறந்தால் அமைப்பு தொலைந்துபோகும். கருவியின் பெயரையும் மீச்சிற்றளவையும் தனிப் பத்தியில் எழுதிவைத்தால் பூஜ்ஜியங்களைத் திரும்பப் பெறலாம்.
4. சராசரியைக் கருவியின் தசம இடத்தோடு நிறுத்துங்கள். 0.1 மி.லி-யோடு நிறுத்திய அளவுகளான 24.3, 24.4, 24.4 மூன்றின் சராசரி 24.3667 என்று விரிதாள் காட்டினாலும் பதிவேட்டில் போக வேண்டியது 24.4 மி.லி.